அகப்பைச் சரிவு ஏறிய வண்டி

குகதாசனுக்கு ஐம்பத்து நாலு வயது. அவருடைய குருவுக்கு முப்பத்தாறு.

இதைச் சொன்னால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். முதலில் குகதாசனே சிரித்தார். வவுனியாவில் பஸ் எஞ்சினைக் காதால் கேட்டே அதன் நோய் சொன்ன மனிதர், கனடாவின் மேற்கு மலைகளுக்குள் ஒரு சின்ன ஊரில், தன்னைவிட அவ்வளவு இளைய ஒரு பெண்ணின் பட்டறையில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தால் சிரிப்பு வரத்தானே செய்யும்? கேலிக்காகத்தான் அவளை "ரீச்சர்" என்று கூப்பிடத் தொடங்கினார். முதல் பனிக்காலம் முடிவதற்குள் கேலி போய்விட்டது. ரீச்சர் மட்டும் நின்றுவிட்டது.

அவள் பெயர் ஆரணி. அந்த மலைகளுக்குள்ளேயே வளர்ந்தவள். ஸ்னோமொபைல் ட்யூன் செய்வது அவளுடைய தொழில்.

ஸ்னோமொபைல் என்றால் பனிமேல் ஓடும் மோட்டார் சைக்கிள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் துடுப்புகள் வைத்த நீண்ட ரப்பர் பட்டி, நடுவில் எஞ்சின். மலை ஏறும் வண்டிக்கு டர்போவும் உண்டு. உயரே போகப் போகக் காற்று மெலிந்து எஞ்சினுக்கு மூச்சு வாங்கும். டர்போ காற்றை அழுத்தி அதன் வாயில் ஊட்டும். எவ்வளவு ஊட்டுவது, எப்போது ஊட்டுவது, வந்த பலத்தைக் கிளச் எப்படிப் பட்டியிடம் கொடுப்பது என்பதெல்லாம் ட்யூன் செய்பவர் கையில். நெஞ்சளவு புதுப்பனியில் ஏற வேண்டும் என்பவர்கள் இரண்டு மலை தாண்டியும் ஆரணியைத் தேடி வருவார்கள்.

பட்டறையில் ஒரு வழக்கம் இருந்தது. வண்டியை ட்யூன் செய்தவர் அதில் மலை ஏறக் கூடாது. இன்னொருவர்தான் ஏறுவார். ட்யூன் செய்தவர் அடிவாரத்தில் வாக்கி டாக்கியோடு நிற்பார். ஏறுபவரின் ஹெல்மெட்டுக்குள் அவர் குரல் கேட்கும். எந்த இடத்தில் அவர் "திரும்புங்கோ" என்கிறாரோ, அந்த இடத்தில் வண்டியைத் திருப்பிக் கீழே இறக்க வேண்டும். ஏன் என்று கேட்கக் கூடாது.

இரண்டு பனிக்காலமாக ஆரணி ட்யூன் செய்தாள், குகதாசன் ஏறினார். அவள் எங்கெங்கோ திரும்பச் சொல்வாள். பாறைக்குப் பக்கத்தில் சொல்வாள், நல்ல வேகத்தில் போகும்போது சொல்வாள். இவரும் திரும்புவார். வண்டியும் சொன்னபடி திரும்பும். அதற்கு மேல் அதைப்பற்றி அவர் யோசித்ததில்லை.

அவருக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான். தான் ட்யூன் செய்த ஒரு வண்டி தன் பெயரில் அந்தப் பட்டறையை விட்டு வெளியே போக வேண்டும். டொராண்டோவில் ஒரு உணவகத்தின் பின்கட்டில் வருஷக்கணக்காக எண்ணெய்ச் சட்டி தேய்த்தவருக்கு அது சின்ன ஆசை இல்லை.

அந்த டிசம்பரில், மலை மீட்புக் குழுவின் தலைவி இங்கிரிட் புத்தம் புதிய டர்போ வண்டி ஒன்றை ட்ரெயிலரில் ஏற்றிக்கொண்டு வந்தாள்.

முகட்டுக்கு அப்பால் பனிச்சறுக்குக்காரர்கள் தங்கும் குடிசை ஒன்று இருக்கிறது. அதற்குக் குறுக்கு வழி ஒரு செங்குத்தான சரிவு. கீழே ஒடுங்கிய காம்பு, மேலே அகன்ற குழி. ஆரணியின் அப்பா அதற்கு அகப்பை என்று பெயர் வைத்தார். வெள்ளைக்காரர்களும் நாக்கை வளைத்து அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். போன பனிக்காலத்தில் அந்தக் குடிசையில் ஒருவனுக்குக் கால் முறிந்தது. குழுவின் பழைய வண்டி அகப்பையின் காம்பிலேயே புதைந்துவிட்டது. மிச்சத் தூரம் நடந்து ஏறினார்கள். போய்ச் சேர்வதற்குள் குளிர் அவனுடைய கால்விரல்களில் சிலதைத் தின்றுவிட்டிருந்தது.

"இனி நான் நடக்க மாட்டேன், இது ஏற வேண்டும்" என்றாள் இங்கிரிட்.

ஆரணி குகதாசன் பக்கம் திரும்பினாள்.

"இதை நீங்கள் செய்யுங்கோ, அண்ணை."

"நானோ?"

"ஓம். நான் ஏறிப் பாக்கிறன். சரியெண்டால் உங்கடை பேரிலை போகும். இல்லையெண்டால் நான் செய்து குடுக்கிறன்."

குகதாசனுக்கு வாய் உலர்ந்துபோனது. கேட்டது கிடைக்கும்போது மனிதனுக்கு அப்படித்தான் ஆகும். கொஞ்ச நேரம் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு கேட்டார்.

"அழுத்தம் எவ்வளவு வைக்கிறது, ரீச்சர்?"

"எவ்வளவு தூரம் ஏறவேணும்?"

"முகடு வரைக்கும்."

"ஏறுறதுக்கெண்டால் எவ்வளவும் வைக்கலாம்."

"பிறகென்ன?"

"அதைத்தான் அண்ணை நானும் கேக்கிறன். பிறகென்ன?"

அவள் வேறு வேலை பார்க்கப் போய்விட்டாள். இப்படிப்பட்ட பதில்கள் குகதாசனுக்குப் பழக்கம். முழுதும் விளங்காதபோது விளங்கிய பாதியை எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். 'எவ்வளவும் வைக்கலாம்' என்பது அவருக்கு நன்றாக விளங்கியது.

வைத்தார்.

டர்போவின் அழுத்தத்தைக் கூட்டினால் எஞ்சின் கட்டுக்கடங்காமல் சுற்றும். அதைப் பிடித்து நிறுத்தக் கிளச்சுக்குள் கனமான எடைகள் போட வேண்டும். போட்டார். எரிபொருளைக் கூட்டினார். மறுபடி அழுத்தத்தைக் கூட்டினார். உறைந்த ஏரியின் மேல் வண்டியை விட்டுக் கைப்பிடியிலிருக்கும் வேக விசையைக் கட்டைவிரலால் முழுதும் அழுத்தினால், அது குரைத்துக்கொண்டு பாய்ந்தது. பின்னால் எழுந்த பனித்தூள் அடங்கும்போது வண்டி அக்கரையில் இருந்தது.

ஊர்க் காப்பிக்கடையே கதியென்று கிடக்கும் வண்டிக்காரர்கள் ஏரிக்கரையில் வேடிக்கை பார்க்கக் கூடினார்கள். காப்பிக்கடைக்காரர்கள் என்றுதான் அவர்களுக்குப் பெயர். அந்த ஊரில் ஒரு பைத்தியக்காரப் போட்டி உண்டு. யாருடைய வண்டித் தடம் அகப்பையில் எல்லாருக்கும் மேலே நிற்கிறதோ, அவன்தான் ராஜா. அடுத்த பனி விழுந்து தடத்தை மூடும் வரைக்கும் அவனுடைய ராஜ்யம். வெறும் வாயை மென்றுகொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்த மாதிரி, அவர்கள் குகதாசனின் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள்.

"குகா, இது முகட்டையே தாண்டும்!"

"குகா, இந்த ஊரில் இப்படி ஒரு சத்தம் கேட்டதில்லை!"

நாளுக்கு நாள் அவரை முருங்கை மரத்தில் ஏற்றினார்கள். முருங்கை மரம் முறியும் என்று தெரிந்த ஊரில் பிறந்தவர்தான் அவர். இருந்தும் ஏறினார்.

ஆனால் ஒன்று இருந்தது.

விரலைப் பாதி தளர்த்திவிட்டு மறுபடி அழுத்தினால், வண்டி ஒரு கணம் மூச்சை அடக்கியது. கிளச்சின் கனமான எடைகள் எஞ்சினின் சுற்றைக் கீழே இழுத்துவிட, டர்போ கண்ணயர்ந்து, மறுபடி விழித்தெழ நேரம் எடுத்தது. தட்டையான ஏரியில் அது வெறும் விக்கல். ஒன்றும் ஆகாது.

சரிவில் அப்படி இல்லை. வண்டியைத் திருப்ப வேண்டும் என்றால் விரலைத் தளர்த்தித்தான் ஆக வேண்டும். பிறகு உடனே அழுத்த வேண்டும். நெஞ்சளவு பனியில், மலைக்குக் குறுக்காக நிற்கும் அந்த நேரத்தில் விக்கல் வந்தால் வண்டி புதையும். இல்லையென்றால் உருளும், ஓட்டுகிறவரையும் சேர்த்து உருட்டும்.

பஸ் எஞ்சினுக்கு நோய் சொன்ன காது அது. ஏரியில் முதல் நாளே அவருக்கு விளங்கிவிட்டது. மருந்தும் தெரியும். அழுத்தத்தைக் குறைத்து, எடைகளையும் குறைக்க வேண்டும். குறைத்தால் அந்தப் பாய்ச்சல் போய்விடும், அந்தச் சத்தம் போய்விடும், ராஜ்யமும் போய்விடும்.

'ஏறுகிறவள் ஏன் விரலைத் தளர்த்தப் போகிறாள்?' என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். 'ஒரே அழுத்தாக அழுத்தினால் முகட்டில் போய் நிற்கும்.' காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சுதான்.

வண்டி தயார் என்று ரீச்சரிடம் சொன்னார்.

மலைக்குப் போன காலை வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. ஆரணி முதலில் சரிவின் ஓரத்தில் ஒரு குழி வெட்டிப் பனியின் அடுக்குகளைக் கையால் தட்டிப் பார்த்தாள். இறுகித்தான் இருந்தது, சரிந்து வராது. எல்லாரையும் சரிவின் பாதையிலிருந்து விலகி, மரங்களுக்குப் பக்கத்தில் நிற்கச் சொன்னாள். இங்கிரிட் கையில் மண்வெட்டியோடு நின்றாள். காப்பிக்கடைக்காரர்கள் கையில் காப்பியோடு நின்றார்கள்.

ஆரணி வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹெல்மெட்டை எடுத்தாள்.

"அரை விரலிலை எப்பிடி, அண்ணை?"

"ஒரு பிரச்சினையும் இல்லை, ரீச்சர்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். குகதாசன் ஒரு எஞ்சினையே மறைத்தார்.

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

"அப்ப நீங்கள் சொல்லுற இடத்திலை நான் திரும்பிறன்."

வண்டி பாய்ந்தது. காம்பின் அடியில் பனி சுவர் போல எழுந்து அவளை மறைத்தது. அதைக் கிழித்துக்கொண்டு வண்டி மேலே வந்தது. பழைய வண்டி புதைந்த இடத்தை ஒரே மூச்சில் தாண்டியது. கீழே நின்றவர்கள் கூச்சல் போட்டார்கள்.

குகதாசனின் கட்டைவிரல் வாக்கி டாக்கியின் பொத்தானில் இருந்தது.

காம்பு முடியும் இடத்தில் சொல்ல வேண்டும் என்று நினைத்திருந்தார். அங்கே இரண்டு பக்கமும் பாறை. அவள் விரலைத் தளர்த்துவாள், வண்டி குறுக்கே வளையும், மறுபடி அழுத்துவாள். அதற்குப் பிறகு வரும் அந்த ஒரு கணம் அவர் காதுக்குள் கேட்டது. பொத்தானை அழுத்தவில்லை.

குழி அகலும் இடத்தில் சொல்லலாம் என்று நினைத்தார். அங்கே சரிவு இன்னும் செங்குத்து. அதுவும் போய்விட்டது.

பழைய தடங்கள் எல்லாவற்றையும் தாண்டி வண்டி ஏறிக்கொண்டிருந்தது. காப்பிக்கடைக்காரன் ஒருவன் அவர் தோளில் ஓங்கி அடித்தான். "குகா! நீ ராஜா!" குகதாசனுக்கு அது காதில் விழவில்லை. கைக்குட்டை அளவுக்குச் சிறுத்துப்போன அந்த உருவத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைத் திருப்ப இப்போது அந்த மலையில் ஒரு இடமும் இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. முகடு மட்டும்தான் மிச்சம். முகட்டுக்கு ஒரு வண்டி நீளம் குறைவாக அந்த எஞ்சின் மூச்சை அடக்கினால் என்ன ஆகும் என்று நினைத்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தான் கட்டிய எஞ்சின் ஒன்றைப் பார்த்து அவருக்குப் பயம் வந்தது.

வேலன் பெயரைச் சொன்னாரா, வள்ளி பெயரைச் சொன்னாரா என்று அவருக்கே நினைவில்லை. வண்டி முகட்டின் விளிம்பில் ஒருமுறை குலுங்கியது. பிறகு அந்தப் பக்கம் போய் மறைந்தது.

ஆரவாரம் மலையை நிறைத்தது.

மரம் வெட்டுகிறவர்களின் பாதை வழியாகச் சுற்றிக்கொண்டு ஆரணி திரும்பி வர அரை மணிக்கு மேல் ஆனது. எஞ்சினை நிறுத்தினாள். எல்லாரும் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். அவள் அவர்களை விலக்கிக்கொண்டு குகதாசனிடம் வந்தாள்.

"ஏன் அண்ணை சொல்லேல்லை?"

"நல்லா ஏறினது, ரீச்சர்..."

"நான் அதைக் கேக்கேல்லை."

குகதாசன் குனிந்து வண்டியின் சறுக்குக் கட்டையில் ஒட்டிய பனியைச் சுரண்டினார்.

"நீங்கள் சொல்லியிருந்தால் நான் திரும்பியிருப்பன்."

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் தாங்கியிருப்பார். இல்லை. மத்தியானம் என்ன சாப்பாடு என்று கேட்கும் குரலில்தான் சொன்னாள். குகதாசனுக்கு வெட்கமாக இருந்தது. ஐம்பத்து நாலு வயதில் ஒரு மனிதனுக்கு வரக்கூடாத அளவுக்கு வெட்கமாக இருந்தது.

இங்கிரிட் சிரித்துக்கொண்டே வந்து கையை நீட்டினாள்.

"சாவியைக் கொடுங்கள். நாளைக்குப் பெரிய பனி வருகிறதாம். குகாவின் வண்டியை இன்றைக்கே கொண்டுபோகிறேன்."

குகாவின் வண்டி. அந்த இரண்டு வார்த்தைக்காகத்தான் இரண்டு பனிக்காலம் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தார். அது வந்துவிட்டது, ஊரார் முன்னிலையில். இனி வாயை மூடிக்கொண்டு நின்றாலே போதும்.

ஆரணி கையுறையிலிருந்த பனியைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

"வண்டி இன்றைக்குப் போகாது" என்றார் குகதாசன்.

"என்ன?"

"ஏறும். திரும்பாது. விரலைத் தளர்த்தினால் மூச்சு நிற்கிறது. ஏரியிலேயே எனக்குத் தெரியும். நான் சொல்லவில்லை."

இங்கிரிட்டின் முகம் மாறியது. முகட்டைப் பார்த்தாள், ஆரணியைப் பார்த்தாள், பிறகு இவரைப் பார்த்தாள். மலை மீட்புக்காரர்களுக்கே உரிய இரண்டு வசவு வார்த்தைகளைச் சொன்னாள். அவற்றை இங்கே எழுத முடியாது. குகதாசன் இரண்டையும் வாங்கிக்கொண்டார்.

காப்பிக்கடைக்காரர்கள் காப்பி ஆறிவிட்டது என்று ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பட்டறைக்கு வரும் வழியில் அவர் மெல்லக் கேட்டார்.

"நீங்கள் செய்து குடுக்கிறியளோ, ரீச்சர்?"

"ஏன்? உங்களுக்குக் கை நோகுதோ?"

"நான் பொய் சொன்னனான்."

"ஓம். பிறகு உண்மையும் சொன்னியள். நாளைக்கு வெள்ளண வாங்கோ. கிளச்சைக் கழட்டவேணும்."

பெரும்பனி வந்தது. அகப்பையில் இருந்த தடங்கள் எல்லாவற்றையும் மூடியது. எல்லாருக்கும் மேலே நின்ற குகதாசனின் தடமும் சேர்ந்துதான் போனது. ஒரு ராஜ்யம் இரண்டு நாள்கூட நிலைக்கவில்லை.

பட்டறைக்குள் குகதாசன் கனமான எடைகளைக் கழற்றி வைத்தார். அழுத்தத்தைக் குறைத்தார். லேசான எடைகளைப் போட்டார். விரல் பாதியில் இருக்கும்போதும் எஞ்சினின் சுற்று இறங்காமல், டர்போ கண்ணயராமல் இருக்க வேண்டும். ஏரிக்குப் போவார், விரலைத் தளர்த்துவார், அழுத்துவார், காது கொடுப்பார், திரும்பி வருவார். விக்கல் சிறுத்தது. பிறகு தும்மலானது. பிறகு செருமலானது. அது எங்கேயோ கிடந்துகொண்டே இருந்தது. அவரும் விடவில்லை. வவுனியாவில் ஒரு கிழட்டு பஸ்ஸோடு மல்லுக்கு நின்ற பழைய குகதாசன் மெல்ல மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தார். வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடினார். பட்டறையில் அவர் பாடி அதுவரை ஆரணி கேட்டதில்லை.

ஏரிக்கரைக்கு இப்போது யாரும் வரவில்லை. வண்டி முன்னைப்போலக் குரைக்கவில்லை. வேடிக்கை பார்க்க அதில் ஒன்றும் இல்லை. கடைக்குக் காப்பி வாங்கப் போனால், "குகா, வண்டிக்குச் சளி பிடித்துவிட்டதா?" என்று கேட்டார்கள்.

"இல்லை, இப்போதுதான் சுகமாகிறது" என்றார் குகதாசன்.

ஒருநாள் அவருக்குப் பொறுக்கவில்லை.

"முடிஞ்சுதெண்டு எப்பிடி ரீச்சர் தெரியும்?"

"எனக்கெப்பிடித் தெரியும், அண்ணை? நான் ஏறப் போறவள். திரும்பச் சொல்லப் போறது நீங்கள்."

விளங்கிய பாதியை எடுத்துக்கொள்ளும் பழக்கம் இந்த முறை அவருக்கு உதவவில்லை. முழுதையும் தூக்கிக்கொண்டுதான் மறுபடி ஏரிக்குப் போக வேண்டியிருந்தது.

அன்று சாயங்காலம் வண்டி செருமவில்லை. விரலைத் தளர்த்தினார், சத்தம் இறங்கி, பாதியில் நின்று, அங்கேயே உயிரோடு இருந்தது. அழுத்தினார், கூப்பிட்டவுடன் வந்தது. ஏரியில் வளைந்து வளைந்து ஓட்டிப் பார்த்தார். எட்டுப் போட்டார். விரல் நினைத்ததை வண்டி செய்தது. ஏரி நடுவில் வண்டியை நிறுத்திவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அதன் மூக்கைத் தட்டிக் கொடுத்தார்.

புதுப்பனி அடங்கி இறுகும் வரை ஆரணி யாரையும் சரிவுப் பக்கம் விடவில்லை. பிறகு ஒரு காலை மறுபடி குழி வெட்டிப் பார்த்துவிட்டு, சரி என்றாள். அன்றைக்கு மலையடிவாரத்தில் மூன்று பேர்தான். ஆரணி, குகதாசன், இங்கிரிட். இங்கிரிட்டின் கோபம் இன்னும் தீரவில்லை. மண்வெட்டியை ஈட்டி மாதிரி பிடித்திருந்தாள்.

ஆரணி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். இந்தத் தடவை அவள் ஒன்றும் கேட்கவில்லை.

வண்டி புறப்பட்டது. பாயவில்லை, ஏறியது. பட்டி பனியைத் தோண்டாமல் அதன்மேல் நீந்திக்கொண்டு போனது. பழைய வண்டி புதைந்த இடத்தைக் கடந்தது. காம்பு முடியும் இடத்துக்கு வந்தது. அந்தச் சரிவில் அதைவிடக் கெட்ட இடம் கிடையாது. இரண்டு பக்கமும் பாறை, நடுவில் வண்டி வளைய மட்டும்தான் அகலம், அதற்கு மேல் ஒரு சாண்கூட மிச்சம் இல்லை.

குகதாசன் பொத்தானை அழுத்தினார்.

"திரும்புங்கோ, ரீச்சர்."

குரல் நடுங்கவில்லை. சந்தைக்குப் போகிறவளிடம் ஒரு கட்டு வெங்காயத்தாளும் வாங்கி வரச் சொல்வது போலச் சொன்னார். இங்கிரிட்டே திரும்பி அவரைப் பார்த்தாள்.

வண்டி திரும்பவில்லை. மேலே போய்க்கொண்டிருந்தது.

"ரீச்சர், திரும்புங்கோ!"

திரும்பவில்லை. பாறைகளைத் தாண்டி அகப்பையின் குழிக்குள் நுழைந்தது.

"வாக்கி டாக்கியில் பேட்டரி இருக்கிறதா?" என்றாள் இங்கிரிட்.

குகதாசன் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒன்றும் விளங்காமல் மேலே பார்த்தார். விளங்கவில்லையே தவிர, பயம் இல்லை. அதை அவர் கவனித்தார். தேடிப் பார்த்தார். எங்கேயும் இல்லை.

முகட்டுக்குக் கொஞ்சம் கீழே, முந்தைய தடம் நின்ற உயரத்துக்கு எட்டாமல், சரிவு சுவராக நிமிரும் இடத்தில் எஞ்சினின் சத்தம் பாதியாக இறங்கியது. அப்படியே நின்றது. வண்டி மலைக்குக் குறுக்கே சாய்ந்து, ஒரு பெரிய வளைவு வளைந்தது. மறுபடி சத்தம் எழுந்தது, இடையில் ஒரு இமைப்பொழுதுகூட இடைவெளி இல்லாமல். வண்டியின் மூக்கு கீழ்நோக்கித் திரும்பியது.

நேராக இறங்கி வருவாள் என்று பார்த்தால், வரவில்லை. பாதி வழியில் திரும்பி மறுபடி ஏறினாள். மறுபடி திரும்பினாள். காம்பின் மேல்முனையில், அந்தப் பாறைகளுக்கு நடுவிலேயே இன்னொரு தரம் வளைந்து காட்டினாள். அந்தத் தூரத்திலும் அவள் சிரித்துக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்தது. இங்கிரிட் மண்வெட்டியைப் பனியில் குத்திவிட்டுக் கை தட்டினாள்.

ஆரணி வண்டியைக் கொண்டுவந்து அவர்களுக்கு முன்னால் நிறுத்தினாள். சாவியைக் கழற்றி இங்கிரிட்டிடம் நீட்டினாள்.

"கொண்டுபோங்கள். குகதாசன் அண்ணையின் வண்டி. ஏதாவது என்றால் அவரைக் கேளுங்கள்."

இங்கிரிட் சாவியை வாங்கிக்கொண்டு குகதாசனின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். எலும்பு நொறுங்கும்படி குலுக்கினாள். பிறகு வண்டியில் ஏறி மரங்களுக்குள் மறைந்தாள்.

காதால் கேட்க ஆசைப்பட்டதைக் குகதாசன் கேட்டுவிட்டார். நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் வாயில் வந்தது வேறு.

"நான் சொன்னனான், ரீச்சர்."

"கேட்டது."

"ரெண்டு தரம் சொன்னனான்."

"ரெண்டு தரமும் கேட்டது."

"பிறகேன் அந்த இடத்திலை திரும்பேல்லை?"

ஆரணி ஹெல்மெட்டைக் கழற்றித் தலைமயிரை உதறினாள். அவள் முகம் குளிரில் சிவந்திருந்தது.

"உங்கடை வாயாலை அந்தச் சொல் வந்ததுக்குப் பிறகு, நான் எங்கை திரும்பினால் என்ன, அண்ணை?"